பட்டு செக்ஷனில் ஒரு ஸ்டூல்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். போன வாரம் காதுகுத்து வீட்டில் பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது நீ சொன்ன ஒரு விஷயம் மனசிலேயே கிடக்கிறது. நீ வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில், உன் மாடியில், பட்டு செக்ஷனில், மத்தியானம் மூன்று மணிக்கு சேலை காட்டுகிற ஒரு பிள்ளை அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். நீ போய் எழுப்பிவிட்டாய். "கஸ்டமர் பார்த்தா கடை இமேஜ் என்ன ஆகும், கொஞ்சம் ப்ரொஃபஷனலா இருக்க வேண்டாமா" என்று கேட்டாயாம். சூப்பர்வைசர் ஆகி இரண்டு மாதம்தான் ஆகிறது, நாலு பேர் நடுவில் உன்னை மறுத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பிள்ளை பேர் என்ன என்று மட்டும் கேட்டேன். "புதுசா வந்த பொண்ணு அத்தை" என்றாய்.

உன் பேரை நான் இங்கே போடவில்லை. உன்னைப் போல எத்தனையோ மாடிகளில் எத்தனையோ பேர் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

19 வருடம் சேலை செக்ஷனில் நின்றவள் நான். வேலைக்கு வருகிறவள் பளிச்சென்று வர வேண்டும் என்பதில் எனக்கு உன்னைவிடக் கண்டிப்பு அதிகம். நகத்தை ஒட்ட வெட்டச் சொல்வேன், ஏனென்றால் ஓரம் பிசிறிய நகம் பட்டில் மாட்டினால் ஒரு இழை இழுத்துக்கொண்டு வந்துவிடும், அந்தச் சேலையை அப்புறம் யாரும் எடுக்க மாட்டார்கள். கல் வைத்த மோதிரத்தைக் கழற்றி வைக்கச் சொல்வேன், அது ஜரிகையைப் பிடிக்கும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு வெளிர் நிறப் பட்டைத் தொட விடமாட்டேன். வியர்வைக் கையைத் துடைக்க இடுப்பில் ஒரு சின்னத் துண்டு சொருகியிருப்பேன். இந்தக் கட்டுப்பாடெல்லாம் துணியே நமக்குச் சொல்லிக்கொடுத்தது. கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்ல முடியும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஒருத்தி உட்கார்ந்தால் எந்தச் சேலைக்கு என்ன கெட்டுப்போகிறது என்று யோசித்துப் பார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

நின்றுகொண்டே இருப்பதுதான் ஜவுளிக்கடை மரபு என்று நினைத்துவிடாதே. உங்க தாத்தா காலத்து ஜவுளிக்கடையில் மெத்தை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, விற்கிறவரும் உட்கார்ந்திருப்பார், வாங்குகிறவர்களும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சேலை நடுவில் விரியும். காஞ்சிபுரத்தில் இன்றைக்கும் அப்படி வியாபாரம் நடக்கும் கடைகள் உண்டு. கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பம் எதுவும் கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறாரே என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. கண்ணாடிக் கதவும் ஏசியும் வந்த பிறகுதான் விற்கிறவர் மட்டும் நிற்க வேண்டும் என்றாகிவிட்டது.

நான் வேலை பார்த்த ஒரு கடையில் எங்களுக்கு நாற்காலி கிடையாது. ஏழாவது மாசத்தில், உன் அத்தான் வயிற்றில் இருக்கும்போது, காலையில் ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பது வரை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். மீதி நேரம் உட்கார எனக்குக் கிடைத்த ஒரே இடம் கழிவறை. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கவிழ்த்து வைத்த வாளி மேல் ஐந்து நிமிஷம். வெளியே வந்தால் மணியைப் பார்த்தபடி சூப்பர்வைசர் நிற்பார். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாக இருக்கும், காலை வரை மறையாது. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது அந்த வருஷங்களில்தான். நீ சின்னப் பையனாக இருந்தபோது அதைத் தொட்டுப் பார்த்து, "அத்தை, இது என்ன புழுவா" என்று கேட்டிருக்கிறாய்.

இன்னொன்று, இப்போது இது சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அதைத் திருத்தி 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கிற வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும் என்கிறது அது. கேரளாவில் 2018-லேயே இதைச் செய்துவிட்டார்கள். கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண்மணியும் அவரோடு சேர்ந்த கடைப் பெண்களும் வருஷக்கணக்காகப் போராடி வாங்கியது. ஆக, அன்றைக்கு அந்தப் பிள்ளை விதியை மீறவில்லை. அட்டைப்பெட்டியைத் தேடிப் போகும்படி அவளை விட்டதுதான் விதிமீறல்.

இமேஜ் என்று நீ சொன்னதற்கு வருகிறேன். ஒரு தடவை ஒரு அம்மா மகளுக்குக் கூரைப்புடவை எடுக்க வந்தார். இரண்டு சேலையில் மனம் ஊசலாடிக்கொண்டிருந்தது. விலை கூடின சேலையை விற்றால் எனக்கு இன்சென்டிவ் அதிகம். நான் இரண்டையும் திருப்பிப் போட்டு உள்பக்கத்தைக் காட்டினேன். விலை குறைந்ததில் உடலும் பார்டரும் தனித்தனி நிறத்தில் நெய்து கோர்வை போட்டு இணைத்திருந்தது. முந்தானை ஓரத்தில் தொங்கின ஒரு ஜரிகை நூலைப் பிரித்ததும் உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தது, அசல் ஜரிகைக்கு அதுதான் அடையாளம். மற்றதில் பளபளப்புதான் அதிகம், ஜரிகை அத்தனை சுத்தம் இல்லை. அதை அப்படியே சொல்லிவிட்டேன். 5.5 மீட்டர் சேலையை என் தோளிலேயே போட்டு, வெளிச்சத்தில் திரும்பி நின்று காட்டினேன். அந்த அம்மா இளைய மகள் கல்யாணத்துக்கு வந்தபோது வாசலிலேயே என் பேரைச் சொல்லிக் கேட்டு மாடி ஏறி வந்தார். அந்த நேரம் நான் ரேக்குக்குக் கீழே முட்டி போட்டு உட்கார்ந்து சேலை மடித்துக்கொண்டிருந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் போட்ட பில்லை முதலாளி கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

அந்தப் பிள்ளைக்கு ஜரிகை பார்க்கத் தெரியுமா? புரட்டிப் போட்ட நாற்பது சேலையை மடிப்புக் கலையாமல் திரும்ப அடுக்கத் தெரியுமா? எடுக்காமல் போகிறவர்களிடமும் முகம் சுளிக்காமல் பேசுகிறாளா? நீ பார்க்க வேண்டியது இதையெல்லாம். காலில் வலி இருக்கிறவள் முகத்தில் வருகிற சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், கஸ்டமருக்கும் தெரியும்.

இடம் இல்லை என்று முதலாளி சொல்வார். கவுண்டருக்குப் பின்னால் ரேக்கை ஒட்டி, முதுகு சாய்க்க வாகாக, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடின உயரத்தில் ஸ்டூல் போட்டால் வழியை அடைக்காது. செக்ஷனுக்கு இரண்டு போதும், மாற்றி மாற்றி உட்காருவார்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கூட்டம் எப்படியும் குறைவுதான். ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்கு முன்னால் பேசிவிடு, தொடங்கிவிட்டால் உன் பேச்சைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. பிரிவு எண்ணை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போ.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அந்தப் பிள்ளை பேரைக் கேட்டுவைத்துவிட்டுப் பண்ணு.

அன்புடன்,
அத்தை