பூச்சிக்கும் பாட்டுக்கும் ஒரே சீசன்

அன்புள்ள தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்றேகாலுக்கு நீ அனுப்பிய மெசேஜைக் காலையில் பால் காய்ச்சும்போதுதான் பார்த்தேன். "ஆன்டி, இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கேரலுக்கு நான் வரல. ஃபீல்டு, லேப், வார்டு மூணும் சேர்ந்து முடியல. கொயர் மாஸ்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க." படித்து முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. அது உன் கணக்கில்தான்.

பதிலை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் போன வருஷம் ஒரு நர்சிங் பெண் இதையே சொன்னாள், அதற்கு முந்தைய வருஷம் பிசியோதெரபி படிக்கிற பையன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் உன் பெயரைப் போடாமல் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். பெயர் இல்லாவிட்டாலும் நம் கொயரில், அதாவது பாட்டுக் குழுவில், டெனர் என்கிற ஆண்களின் மேல்குரல் பாடுகிற மெடிக்கல் மாணவன் யார் என்று கண்டுபிடிக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. ஒரே ஒருத்தன்தான்.

நம் வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கிண்டலாகச் சொல்வார்களே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று. நாங்கள் அதோடு டெனர் இல்லாத கொயர் என்று சேர்த்துக்கொள்வோம். கோட்டைக் கோயிலுக்கு 1981ல் சாமி திரும்பி வந்துவிட்டார். பாலாற்றிலும் 2021 நவம்பரில் வெள்ளம் இரு கரை தொட்டுப் போனதை எல்லாரும் போய் வேடிக்கை பார்த்தோம். டெனர் பஞ்சம் மட்டும் தீரவில்லை. ஐடா ஸ்கடர் அம்மா 1918ல் இங்கே மருத்துவப் பள்ளி (இன்றைய சிஎம்சி, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆரம்பித்தது பெண்களுக்காக. 1947ல்தான் பையன்களைச் சேர்த்தார்கள். அந்த முப்பது வருஷப் பாக்கி இன்னும் அடைபடவில்லை என்று மாஸ்டர் சொல்வார். இப்போது இருக்கிற மூன்று பேரில் ஒருவருக்கு எழுபது வயது. இன்னொருவர் கீழ்க்குரலான பேஸ் பாட வேண்டியவர், மேலே போகும் இடம் வந்தால் வாயை மட்டும் அசைப்பார். மூன்றாவது ஆள் நீ.

சரி, இதைச் சொல்லி உன்னை மடக்கப் போவதில்லை. உன் பக்கத்து நியாயம் எனக்கு நன்றாகவே தெரியும், ஒருவேளை உன் வகுப்புப் பையன்களை விடவும். இருபத்தெட்டு வருஷம் லேபில் பைப்பெட் பிடித்த கை இது.

உன் ஆய்வு ஸ்க்ரப் டைபஸ் பற்றியது. நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். மாட்டுண்ணி இல்லை, அதைவிடப் பல மடங்கு சின்னதான ஒரு பூச்சியின் குஞ்சு, கண்ணில் படுவதே கஷ்டம். புதரிலும் புல்லிலும் ஒட்டிக்கொண்டிருந்து ஆள் உரசினால் ஏறிக்கொள்ளும். மழையும் பனியுமான மாதங்களில்தான் நம் பக்கம் இந்தக் காய்ச்சல் அதிகம். அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று நீயே சொன்னாய். நமக்கு கேரல் ப்ராக்டிஸ் அக்டோபர் கடைசியில் ஆரம்பிக்கிறது. பூச்சிக்கும் பாட்டுக்கும் ஒரே சீசன்! இந்த வருஷம் கேஸ் எடுக்காவிட்டால் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும். டிசம்பரை விட்டால் கேரலும் அப்படித்தான். "டைம் மேனேஜ்மென்ட் பண்ணு" என்று உனக்குப் புத்தி சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதைப் பூச்சியிடம் போய்ச் சொல்லட்டும்.

அன்றைக்கு டீ நேரத்தில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, எட்டு நாளாகக் காய்ச்சல், புல் அறுக்கிறவர். உடம்பில் புண் ஏதாவது இருக்கிறதா என்று நீ கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார். சிஸ்டர் திரை போட்டுப் பார்த்தபோது பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், மடிப்புக்குள், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு. பூச்சி கடித்த இடம். அது வலிப்பதில்லை, அரிப்பதும் இல்லை, அதனால் யாருக்கும் சொல்லத் தோன்றுவதில்லை. "கேட்டால் கிடைக்காது ஆன்டி, தேடினால்தான் கிடைக்கும்" என்று வடையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாய். வடை ஆறிப்போனது உனக்குத் தெரியவே இல்லை. அப்போதே நினைத்தேன், இவன் கேரலுக்கு வரமாட்டான் என்று.

இந்த ஊர் இந்தக் காய்ச்சலில் நிறைய வேலை செய்திருக்கிறது. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற இரண்டு மருந்தில் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று காட்டிய 2023ஆம் வருஷத்து ஆய்வு, சிஎம்சி முன்னின்று இந்தியாவில் பல ஆஸ்பத்திரிகளில் நடத்தியது. நீ எடுக்கிற நூற்றுச் சொச்சம் கேஸ் அவ்வளவு பெரிதில்லைதான். ஆனால் சின்ன மாணவ ஆய்வு என்று யாராவது இளப்பமாகப் பேசினால் 1986ஐ நினைத்துக்கொள். சென்னையில் மைக்ரோபயாலஜி மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன் பேரில் ஆய்வேட்டுக்காக 80 பேரின் ரத்தத்தைச் சேகரித்தார். இங்கே எய்ட்ஸ் எல்லாம் இருக்காது என்பதுதான் அன்றைக்குப் பொதுப் பேச்சு. சென்னையில் டெஸ்ட் செய்ய வசதி இல்லாததால் ஐஸ் பெட்டியோடு ரயிலேறி காட்பாடி வந்து, வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜானின் லேபில் எலைசா போட்டார்கள், சின்னச் சின்னக் குழிகளில் ரத்தத்தை வைத்து நிறம் மாறுகிறதா என்று பார்க்கிற சோதனை. ஆறு குழி மஞ்சளாக மாறியது, தொற்று இருப்பதற்கு அடையாளம். இந்தியாவில் எச்ஐவி இருப்பது அப்படித்தான் தெரிய வந்தது.

மஞ்சள் என்றதும் என் கதை ஞாபகம் வருகிறது. இதுவரை கொயரில் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில், எந்த லேப் என்று கேட்காதே. அப்போது வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ப்ராக்டிஸ். குழந்தைகளின் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) வைத்து ஒரு எலைசா, 96 குழியும் நிரம்பிய பிளேட். ஐந்தே முக்காலுக்கு நிறம் காட்டுகிற சப்ஸ்ட்ரேட் ஊற்றிவிட்டு இருட்டில் மூடி வைத்தேன். பத்து நிமிஷம் கழித்து ஆசிட் விட்டு நிறுத்தினால் வேலை முடிந்தது. அந்தப் பத்து நிமிஷத்தில் கேட் வரைக்கும் ஓடி, அங்கே காத்திருந்த, பெண்களின் மேல்குரலான சொப்ரானோ பாடும் அக்காவிடம் பாட்டு ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். கேட்டில் நின்று, எங்கள் கீழ்க்குரல் வரிசையான ஆல்ட்டோ எங்கே நுழைய வேண்டும் என்று பேச்சு. பாடியும் காட்டினேன். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் பிளேட் முழுக்க மைக்கூடு கவிழ்ந்த மாதிரி நீலம். எதுவுமே வரக்கூடாத நெகட்டிவ் குழியும் நீலம். கை நடுங்க ஆசிட் விட்டேன். 96 குழியும் சாமந்திப்பூ மஞ்சள்.

மற்றதையெல்லாம் மறுநாள் திருப்பிப் போட்டேன். ஒரு குழந்தையின் சீரம் மட்டும் தீர்ந்துபோயிருந்தது. சீனியர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தக் குடும்பத்தைத் திரும்ப வரவழைத்து, "நீயே போய்ப் பிள்ளையைப் பிடித்துக்கொள்" என்றார். பிடித்துக்கொண்டேன். இரண்டு வயதுப் பையன். நான் பாடின பாட்டுக்கு அவன் இரண்டாவது தடவை ஊசி வாங்கினான்.

அந்த வாரமே கொயரை விட்டேன். ஒரு வருஷம் போகவில்லை. நீ இந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டியது இதைத்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படி. அந்த ஒரு வருஷத்தில் நான் ஒரு பிளேட் கூட அதிகமாகப் போடவில்லை. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு லேபைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் டிவி முன்னால் உட்கார்ந்தேன். பாட்டை விட்டதால் மிச்சமான நேரம் வேலைக்குப் போய்ச் சேரவே இல்லை. எங்கே போனது என்றும் தெரியவில்லை. என் தப்பு பாட்டில் இருக்கவில்லை, பிளேட்டை நடுவில் விட்டுவிட்டு கேட்டுக்குப் போனதில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

இன்னொன்று. உன்னை மாதிரிப் பிள்ளைகளிடம் உடனே போரோடினைக் காட்டுவார்கள். ரஷ்யாவில் மருத்துவ அகாடமியில் வேதியியல் பேராசிரியர், இசையமைப்பாளர், பெண்களுக்கு மருத்துவப் படிப்பு தொடங்க உழைத்தவரும் கூட. எல்லாம் உண்மை. தன்னை ஞாயிற்றுக்கிழமை இசையமைப்பாளர் என்று அவரே சொல்லிக்கொண்டார். ஒரு ஓபராவைப் பதினெட்டு வருஷம் எழுதியும் முடிக்காமலே போய்ச் சேர்ந்தார், நண்பர்கள்தான் முடித்து வைத்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கு அவரைப் பிடித்ததே அதற்காகத்தான். பாட்டு ஆராய்ச்சிக்கு உதவும், மூளையைக் கூர்மையாக்கும் என்று யாரிடமும் நியாயம் சொல்லிக்கொண்டு திரியாதே. உதவுமோ உதவாதோ. பிடித்திருக்கிறது, பாடுகிறாய்.

பிடித்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? போன வாரம் நீ விட்டுவிட்டுப் போன டெனர் பேப்பரை எடுத்து வைத்தேன். பின்பக்கம் உன் ஆய்வுக் கேள்வித்தாள். வீட்டைச் சுற்றிப் புதர் உண்டா, விறகு பொறுக்கப் போவீர்களா, ஆடு மாடு உண்டா. (முதலில் பயந்துபோனேன். யாராவது நோயாளி விவரம் எழுதியிருந்தால் உன் காதைத் திருகியிருப்பேன். நல்லவேளை, எல்லாம் காலி.) முன்பக்கம் பென்சிலால் டோ ரே மி என்கிற சோல்ஃபா குறிகள், ஒவ்வொரு மூச்சு இடத்திலும் ஒரு டிக். வீணான தாளில் பாட்டை ஜெராக்ஸ் எடுத்தவன், அந்தப் பாட்டை இவ்வளவு பொறுமையாகக் குறித்து வைத்திருக்கிறான்.

அந்தப் பாட்டின் கடைசிப் பக்கத்தில் ஆறு பார் (தாளக் கட்டம்) இழுக்க வேண்டிய ஒரு சுரம் இருக்கிறதே, ஒரே மூச்சில் யாராலும் முடியாது. மாஸ்டர் சொல்லித்தந்தது ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து ஆள் மூச்சு வாங்கும்போது நீ வாங்காதே. பார் கோட்டில் வாங்காதே, அங்கேதான் எல்லாரும் வாங்குவார்கள். நடுவில் சத்தமில்லாமல் விடு, வாங்கு, மெதுவாக உள்ளே வா. கேட்கிறவர்களுக்குச் சுரம் அறுந்ததே தெரியாது.

நேற்று மாஸ்டரிடம் பேசினேன். வரமாட்டான் என்று நீ சொல்லச் சொன்னாய். நான் அதைச் சொல்லவில்லை. இப்படி முடிவானது. செவ்வாய்க்கிழமை உன் லேப் நாள், நீ வர வேண்டாம். சனிக்கிழமை மட்டும் வா. அந்த நாளிலும் பிளேட் ஓடிக்கொண்டிருந்தால் வராதே, சொல்லக்கூட வேண்டாம், நாங்கள் புரிந்துகொள்வோம். பதினோரு பாட்டில் நான்குதான் உனக்கு, கீபோர்டு இல்லாமல் பாடுகிற மூன்றும் அந்த ஆறு பார் பாட்டும். மற்ற ஏழுக்கும் பின்வரிசையில் பைலை மூடி வைத்துக்கொண்டு நில். எழுபது வயதுக்காரர் தன் வரியைப் போனில் பாடி அனுப்புகிறேன் என்கிறார், ஒடுகத்தூர் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே போ. கேரல் ரவுண்ட்ஸுக்குக் கண்டிப்பாக வரக்கூடாது. ராத்திரி இரண்டு மணிக்கு வீடு வீடாகப் போய்க் கேக் தின்பதற்கு டெனர் தேவையில்லை, மறுநாள் காலை உனக்கு வார்டு இருக்கிறது. கடைசி ரிகர்சலுக்கு மட்டும் தப்பாமல் வந்துவிடு.

ஜனவரியில் உன் கேஸ் எல்லாம் முடிந்ததும் எலைசா போடுகிறாய் அல்லவா, அன்றைக்குக் கூப்பிடு. கேட்டில் நான் வந்து நிற்கிறேன், நீ கீழே இறங்காதே.

அன்புடன்,
ஆல்ட்டோ வரிசை ஆன்டி

பின்குறிப்பு: ப்ராக்டிஸ் இடைவேளையில் சர்ச்சுக்குப் பின்னால் புல்லில் சப்பணம் போட்டு உட்கார்ந்து டீ குடிக்கிறாயே, ஸ்க்ரப் டைபஸ் படிக்கிற பிள்ளை! நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.