படம் இல்லாத நன்றி மடல்

பினாங்கு ஆயர் ஈத்தாம் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்குக் கைகொடுத்த எல்லாருக்கும் வணக்கம். காலணிகள் வந்தன, அகராதிகள் வந்தன, பிள்ளைகளும் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். “படம் ஒன்றும் அனுப்பவில்லையே” என்று சிலர் கேட்டீர்கள். படம் எடுக்கவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆண்டு எடுத்தோம். பேனர் கட்டி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு புத்தகப்பை கொடுத்தோம். நான்காம் ஆண்டுப் பெண்பிள்ளை ஒருத்தி, வாங்கிய பையாலேயே முகத்தை மறைத்துக்கொண்டாள். “கீழே இறக்கும்மா, முகம் தெரியலை” என்று சொன்னது நான்தான். அடுத்த இரண்டு வாரம் அவள் வரவில்லை. படம் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி அவள் வகுப்புவரை போயிருக்கிறது. பாட்டிதான் சொன்னார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றோடு பேனரை மடித்தாயிற்று. (இப்போது மழைக்கு என் மோட்டார் சைக்கிளை மூடிக் கிடக்கிறது.)

காலணி தந்த லெபோ பாசார் கடைக்கார ஐயா, கடைப் பெயரே வேண்டாம் என்றார். “அளவு சரியா இருந்துச்சா, அதைச் சொல்லு” என்றார். இருந்தது ஐயா. அளவெடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை அக்கா. பழைய நாளிதழைத் தரையில் விரித்து, பிள்ளைகளை அதன்மேல் நிற்கவைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். மூட்டுவலியோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் குனிந்து எழுந்தார். ஒரு பையன் காலணியின் பின்பக்கத்தை மிதித்து மடக்கிச் செருப்பு மாதிரி போட்டிருந்தான். “ஸ்டைலு டீச்சர்” என்றான். அக்கா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அகலம் கூட்டி வரைந்தார், அவ்வளவுதான்.

சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகம் விற்கும் தவுக்கே (கடை முதலாளி), மலாய் அகராதிகளைக் கிட்டத்தட்ட சும்மாவே கொடுத்தார். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியில் பாடமெல்லாம் மலாயில். மலாய் போதாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டும். ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வை 2021-இல் நிறுத்திவிட்ட பிறகு, பிள்ளை தடுமாறுவது வீட்டாருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது என்பது என் எண்ணம். தேர்வு போனதில் எனக்கு வருத்தமில்லை, அது வேறு கதை.

அப்புறம் நம் படிவம் நான்கு (இடைநிலைப்பள்ளி நான்காம் ஆண்டு) மாணவர்கள். புறப்பாட மதிப்பெண்ணுக்காக வந்தவர்கள்தாம், மறைப்பானேன். அதில் ஒரு தம்பி, வீட்டுப்பாடம் செய்யாத பொடியனை வாராவாரம் திட்டுவான். ஒருநாள் மழையில் அவனை வீட்டில் விடப் போனான். இருப்பதே ஓர் அறை. இரவு வேலை முடித்த அம்மா உறங்க, பொடியன் நடைபாதைச் சுவரோரம் குந்தியிருந்து நோட்டை முழங்கால்மேல் வைத்து எழுதுகிறான். அடுத்த சனிக்கிழமை முதல் தம்பி அரை மணி முன்னதாக வந்துவிடுகிறான். இருவருமாக வீட்டுப்பாடத்தை முடித்த பிறகுதான் வகுப்பு. திட்டு நின்றுபோனது. யாரும் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வாராவாரம் மீஹூன் பொட்டலம் கட்டித் தரும் அம்மாவுக்கு நன்றி. உறைப்பை மட்டும் கொஞ்சம் குறையுங்களேன்.

இரண்டு ஜோடிக் காலணி மிச்சம் இருக்கிறது. தேவைப்படும் பிள்ளை தெரிந்தால், தாளில் பாதக் கோடு போட்டு அனுப்புங்கள். பெயர் வேண்டாம்.