லீவுக்குக் கிளி வாங்கக் கிளம்பும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அப்பா அம்மாக்களுக்கு,

முழுப் பரீட்சை முடியப்போகிறது. "லீவுக்கு ஒரு கிளி வாங்கித் தா" என்று பிள்ளை நச்சரிக்கத் தொடங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவர் மூங்கில் கூடையின் துணியை லேசாகத் தூக்கிக் காட்டுவார். உள்ளே ஏழெட்டுப் பச்சைக்கிளிக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இறகு பாதிதான் முளைத்திருக்கும். தயவுசெய்து அந்தக் கூடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அவை பொந்துக்குள் கைவிட்டு எடுத்துவந்த குஞ்சுகள். மொட்டைப் பனையைச் சுற்றி அவற்றின் தாய் இன்னும் கத்திக்கொண்டிருக்கும். சாதாரணப் பச்சைக்கிளி, தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய பச்சைக்கிளி, இரண்டையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு திரைப்பட நடிகர் வீட்டிலிருந்து இரண்டு கிளிகளை வனத்துறை எடுத்துச் சென்று, இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வைத்தது.

"மீனாட்சி கையிலேயே கிளி இருக்கிறதே, அதை வளர்த்தால் என்ன?" என்று என் மாமியார் கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைத் தினமும் இலையால்தானே அத்தை புதிதாகச் செய்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

ஏற்கெனவே உங்கள் வீட்டில் பச்சைக்கிளி இருந்தால், பயத்தில் மொட்டைமாடியில் திறந்துவிட்டு வந்துவிடாதீர்கள். இறகு வெட்டிய கிளியைக் காக்கைகள் விட்டுவைக்காது. வனத்துறை அலுவலகத்தில் கொண்டுபோய் ஒப்படையுங்கள்.

சரி, அப்படியானால் எதைத்தான் வாங்குவது? கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பொரித்து வளர்ந்த வெளிநாட்டு வகைகள் இருக்கின்றன. நம் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் பட்ஜியும், தலையில் கொண்டையுள்ள காக்டெயிலும் முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றவை. இரண்டுமே ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. பட்ஜி ஐந்து முதல் பத்து வருடம் வாழும். காக்டெயில் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருடம் இருக்கும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்காக வாங்கும் காக்டெயில், அந்தப் பிள்ளை வேலைக்குப் போய் வேறு ஊரில் குடியேறிய பிறகும் உங்கள் வராந்தாவில்தான் இருக்கும். அதற்குத் தண்ணீர் மாற்றப்போவது நீங்கள். இன்னொன்று, காக்டெயிலின் இறகிலிருந்து வெண்பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் வேண்டாம். நன்றாகப் பேசும் என்று ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியைக் காட்டுவார்கள். அது நாற்பது வருடத்துக்கும் மேல் வாழக்கூடியது, அரசிடம் பதிவும் செய்ய வேண்டும். முதல் பறவையாக அதை நினைக்கவே நினைக்காதீர்கள்.

கடையில் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். பட்டப்பகலில் இறகை உப்பிக்கொண்டு தூங்கும் பறவையும், மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடும் பறவையும் நோயுற்றவை. மலவாய் சுற்றி இறகு சுத்தமாக இருக்கிறதா பாருங்கள். "குஞ்சாக வாங்கி ஊட்டினால்தான் பழகும்" என்பதை நம்பாதீர்கள். கஞ்சியின் சூடு கொஞ்சம் கூடினாலே தொண்டைப் பை வெந்துபோகும். தானே தீனி கொத்தித் தின்னும் பறவையை வாங்குங்கள், பொறுமையாக இருந்தால் அதுவும் பழகும்.

கூண்டு உயரத்தைவிட அகலமாக இருக்கட்டும், இறக்கையை முழுதாக விரித்தாலும் இடிக்கக் கூடாது. உட்கார ஒரே பருமனான வழவழப்புக் குச்சி மட்டும் இருந்தால் பாதம் புண்ணாகும். கொய்யாக் கிளையை வெட்டிக் கழுவி வையுங்கள், மேடுபள்ளமாக இருப்பதுதான் நல்லது. தினையும் கம்பும் மட்டும் போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ போதாமல் போகும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் தினமும் கொஞ்சம் கொடுங்கள், சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு தொங்கவிடுங்கள். சாக்லேட்டும் காபியும் அவகாடோவும் அவற்றுக்கு விஷம். இரவு பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருட்டு வேண்டும், அதனால் டிவி ஓடும் ஹாலில் கூண்டு வேண்டாம்.

இந்த மடலை எழுத வைத்தது இனிமேல் சொல்லப்போகும் விஷயம்தான். எங்கள் முதல் காக்டெயில் பெயர் மணி. கூண்டு சமையலறை வாசலுக்குப் பக்கத்தில், நான் வேலை செய்யும்போது அதோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்று நானே வைத்த இடம். ஒரு காலை, நான்-ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனேன். திரும்பி வந்தபோது கல் காய்ந்து லேசான வாடை, அவ்வளவுதான். எனக்கு இருமல்கூட வரவில்லை. மணி வாயைத் திறந்து திறந்து மூச்சிழுத்தது, குச்சியிலிருந்து தவறிக் கூண்டின் தரையில் விழுந்தது. துணியில் சுற்றி ஆட்டோவில் ஏறுவதற்குள் என் உள்ளங்கையில் அதன் கால் விரல்கள் இறுக்கம் விட்டன. அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும் என்று கால்நடை மருத்துவர் பிறகு விளக்கினார். கூண்டு விற்றவரோ தீனி விற்றவரோ இதை எனக்குச் சொல்லவில்லை. அதனால் நான் உங்களிடம் சொல்கிறேன். பறவை இருக்கும் வீட்டில் இரும்புக் கல்லே போதும். கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் அதன் அறைக்குள் வேண்டாம்.

ஒரு வருடம் கழித்துத்தான் அடுத்த காக்டெயிலை வாங்க மனசு வந்தது. பறவைகள் நோயைக் கடைசி வரை மறைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் நாள் கடந்திருக்கும், ஆனால் எடை முன்பே குறையத் தொடங்கும். அதனால் தினமும் தீனி வைக்கும் முன் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறோம். இன்று காலை 92 கிராம். என் மகள் அதைக் காலண்டரில் எழுதிவிட்டுத்தான் பரீட்சைக்குக் கிளம்பினாள்.

அன்புடன்,
மணியை வளர்த்த ஒரு அம்மா