வாட்ச்டாக் வரி இருக்க வேண்டிய இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வெளியான தானியங்கி வாட்டர் மோட்டார் கன்ட்ரோலர் செய்முறையைப் பார்த்துப் பலர் வேலையைத் தொடங்கியிருப்பார்கள். குறித்த நேரத்துக்குள் தன் எண்ணிக்கை பூஜ்யமாக்கப்படாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமரை நிரலில் சேர்த்திருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் அந்த எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் வரியை டைமர்1-இன் இன்டரப்டுக்குள் (ஓடும் நிரலை இடைமறித்து இயங்கும் பகுதிக்குள்) வைத்திருப்பது தவறு. அப்படியே ஏற்றினால், கன்ட்ரோலர் உறைந்து போனாலும் வாட்ச்டாக் அசையாது. தொட்டி வழிந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கன்ட்ரோலரின் மூளையான அர்டுயினோ நானோ போர்டில் உள்ள ஏடிமெகா328பி சிப்பின் டைமர்1, நிரலை நம்பி ஓடுவதில்லை. 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை 256-ஆல் வகுத்தால் நொடிக்கு 62,500 துடிப்பு. அவற்றைத் தானே எண்ணி, குறித்த எண் வந்ததும் இன்டரப்ட் கொடுக்கும். நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் மெயின் லூப் எங்கே சிக்கிக்கொண்டாலும் இந்த இன்டரப்ட் தவறாமல் வரும். வாட்ச்டாக்கின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் வரியை இதற்குள் வைத்தால், லூப் செத்துக் கிடந்தாலும் எல்லாம் நலம் என்றே வாட்ச்டாக் நினைத்துக்கொண்டிருக்கும். அந்த வரி ஒரே ஒரு இடத்தில், மெயின் லூப்பின் கடைசியில்தான் இருக்க வேண்டும்.

லூப் எதற்குச் சிக்கும் என்று கேட்கலாம். இந்தச் சர்க்யூட்டிலேயே காரணம் இருக்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெரிய ஸ்விட்சான கான்டாக்டர் விடும்போது காயிலில் எழும் மின்னழுத்தத் துள்ளல், எல்சிடி திரைக்குத் தகவல் கொண்டுபோகும் ஐ2சி வயரில் புகும். அதில் தகவல் போகும் எஸ்டிஏ லைன் தாழ்ந்தபடியே நின்றுவிட்டால், ஐ2சி-யைக் கையாளும், நேர வரம்பு வைக்காத ‘வயர்’ (Wire) லைப்ரரி முடிவில்லாமல் காத்திருக்கும். அந்த நேரத்தில் ரிலே பின் ஆன் நிலையில் இருந்தால் அப்படியே இருக்கும். காயிலுக்குக் குறுக்கே ஸ்னப்பர் (துள்ளலை அடக்கும் சர்க்யூட்) போடுவது இதைக் குறைக்கும், ஒழிக்காது.

வாட்ச்டாக்குக்கு எவ்வளவு நேரம் வைப்பது? இந்தச் சிப்பில் 16 மில்லி நொடி முதல் 8 நொடி வரை வைக்கலாம். அது மெயின் கிளாக்கை நம்பாமல் தனி 128 கிலோஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரில் ஓடுகிறது. வெப்பம், மின்னழுத்தத்துக்கு ஏற்ப அந்த வேகம் மாறும் என்பதால் தாராளமாக இடம் விட வேண்டும். நீர்மட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரின் எதிரொலி வராவிட்டால், அதற்காகக் காத்திருக்கும் பல்ஸ்இன் கட்டளை 1 நொடி காத்திருக்கும். அதற்கு 30,000 மைக்ரோ நொடி வரம்பு கொடுங்கள். 5 மீட்டர் ஆழத்துக்கு அது போதும். பிறகு வாட்ச்டாக்குக்கு 2 நொடி சரியாக இருக்கும்.

போர்டு தொடங்கும்போது ஒரே முறை ஓடும் செட்டப் பகுதியில் முதல் வேலை ரிலேயை ஆஃப் செய்வது, இரண்டாவது வாட்ச்டாக்கை இயக்குவது, அதற்குப் பிறகுதான் எல்சிடி. எல்சிடியை முதலில் தொடங்கினால், அங்கேயே சிக்கும்போது காப்பாற்ற யாரும் இல்லை. ரீசெட் ஆகும் கணத்தில் பின்கள் எல்லாம் இன்புட்டாக மாறி மிதக்கும். ரிலேயை இயக்கும் என்பிஎன் ட்ரான்சிஸ்டரின் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம்.

பழைய பூட்லோடர் (போர்டு தொடங்கியதும் முதலில் ஓடும் சிறு நிரல்) உள்ள நானோ வாங்கியவர்களுக்கு இன்னொரு சிக்கல். வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகும் வாட்ச்டாக் மிகக் குறைந்த நேரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பூட்லோடர் அதை நிறுத்தாததால் போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகி, எல்இடி படபடவென்று மின்னும். மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்தால்தான் மீளும். ஆப்டிபூட் என்ற புதிய பூட்லோடரை ஏற்றினால் இது தீரும்.

மோட்டாரை இணைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மோட்டார் இல்லாமல் ரிலேயை மட்டும் ஆன் ஆகவிட்டு, எஸ்டிஏ லைனை ஒரு வயரால் கிரவுண்டோடு தொடுங்கள். இரண்டு நொடியை ஒட்டி ரிலே ‘டிக்’ என்று விட வேண்டும். வயரை எடுக்கும்வரை மறுபடி ஆன் ஆகக் கூடாது. இப்போது வெளியாகியுள்ள நிரலில் ரிலே விடாது.

திருத்திய நிரலை அடுத்த இணைப்பிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

— வாசகர், கோயம்புத்தூர்