இடி மட்டுமே மெட்டல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்விலை ஹெட்போன்களைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஜாஸ், மேற்கத்தியச் செவ்வியல் இசை, குரலிசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கிய கட்டுரையாளர், ஹெவி மெட்டலுக்கு வந்தபோது மட்டும் 'பாஸ் (ஒலியின் கீழ்ப்பகுதி) அதிகமாக இருப்பதைப் பார்த்து வாங்கினால் போதும்' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இசையைக் கேட்டுவருபவன் என்ற முறையிலும், ஏறத்தாழ இதே அறிவுரையை நம்பி ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையிலும், அந்த வரியை மறுத்து எழுத விரும்புகிறேன்.

மெட்டல் இசைக்குக் கனம் உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது பிறந்ததே அப்படித்தான். பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, இளவயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் நேர்ந்த விபத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால், தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுதான். அழுத்தும் வலியைக் குறைக்கத் தந்திகளைத் தளர்த்தி வாசிக்கத் தொடங்கியவர், 1971இல் வெளிவந்த மூன்றாவது ஆல்பத்தின் பல பாடல்களில் மூன்று அரைச்சுரம் கீழிறக்கியே வாசித்தார். பின்னால் வந்தவர்கள் இன்னும் கீழே போனார்கள். வழக்கமான சுருதியில் கிட்டாரின் கடைசித் தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 82 முறை, அதிர்கிறது. ஏழு தந்திக் கிட்டாரில் அது 62 ஹெர்ட்ஸ், எட்டுத் தந்திக் கிட்டாரில் 46 ஹெர்ட்ஸ். பாஸ் கிட்டாரின் கடைசித் தந்தியோ 41 ஹெர்ட்ஸ். ஆக, கிட்டாரும் பாஸ் கிட்டாரும் ஏறக்குறைய ஒரே தரையில் நிற்கின்றன. அதே இடத்தில்தான் காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மும் வந்து விழுகிறது. மூன்று கருவிகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் ஹெட்போன் தன் பங்குக்குப் பாஸைக் கூட்டினால், கனம் கூடாது. மூன்றும் உருகி ஒரே கட்டியாகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிஸ்டார்ஷன், அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் விளைவு, ஏற்றிய கிட்டாரின் குணம் அதன் அடிப்படை அதிர்வெண்ணில் இல்லை; அதன் மேல் அடுக்கடுக்காக எழும் இசைவு அதிர்வெண்களில்தான் இருக்கிறது. கிட்டார் ஆம்ப்ளிபையர்களில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர்கள் 5 அல்லது 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று அடங்கிவிடுபவை. எனவே அந்தக் கரகரப்பு, அந்தக் கடி, உள்ளங்கையின் ஓரத்தால் தந்தியை அமுக்கி வாசிக்கும்போது எழும் அந்தத் 'தக்' என்ற அறை, யாவும் சுமார் 100 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள நடுப்பகுதியில்தான் குடியிருக்கின்றன. மெட்டல் ரசிகன் விலை கொடுத்து வாங்க வேண்டியது இந்த நடுப்பகுதியின் தெளிவை. பாஸ் அடுத்தது.

என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், விமர்சனங்களில் வெகுவாகப் புகழப்பட்ட ஒரு ஹெட்போனைப் பத்தே நிமிடம் கேட்டுவிட்டு வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. முதல் நாள் மண்டைக்குள் இடி முழங்கியது, மகிழ்ந்துபோனேன். மூன்றாவது வாரம், பல நூறு முறை கேட்டுப் பழகிய ஒரு பாடலில், இரண்டு கிட்டார்களும் ஒன்றையொன்று துரத்தும் இடத்தில் பாஸ் கிட்டார் தனியே ஒரு வரி வாசித்துக்கொண்டிருக்கும். அந்த வரியைக் காணோம். அலமாரியில் கிடந்த பழைய ஹெட்போனை, புதியதன் விலையில் பத்தில் ஒரு பங்குகூடப் பெறாததை, எடுத்து மாட்டினேன். வரி இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் துழாவியதில், 200 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை 5 டெசிபல் குறைத்தவுடன் புதிய ஹெட்போனிலும் அந்த வரி எழுந்து வந்தது. நான் ரசித்த இடி, இசைப்பதிவில் இருந்ததல்ல. ஹெட்போன் சேர்த்த வீக்கம். மூன்று மாதத்தில் அதைப் பாதி விலைக்கு விற்றேன்.

வேகத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. நிமிடத்துக்கு 200 துடிப்பு என்ற கதியில், டிரம்ஸ் கலைஞர் இரு கால்களாலும் ஒரு துடிப்புக்கு நான்கு அடி வீதம் கிக் டிரம்மை மிதித்தால், நொடிக்கு 13 அடிகளுக்கு மேல் விழுகின்றன. ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 75 மில்லிநொடிதான். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை முடியவே 20 மில்லிநொடி ஆகும் என்பதால், அந்த இடைவெளியில் முழுதாக நான்கு அலைகள்கூட அடங்கா. கீழ்ப்பகுதி வீங்கிய ஹெட்போனில் முந்தைய அடியின் வால் அடங்குமுன் அடுத்த அடி அதன்மேல் ஏறிவிடும். அடிகளை எண்ண முடியாது, உறுமல் மட்டுமே கேட்கும். இத்தகைய பதிவுகளில் ஒலிப்பதிவாளர்கள் கிக் டிரம்முக்குத் தட்டச்சு இயந்திரத்தைப் போன்ற ஒரு 'டிக்'கை 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்தில் வைப்பதும் இதனால்தான். அந்த டிக் தெளிவாகக் கேட்டால் கீழே உள்ள குத்தும் தனித்தனியாகக் கேட்பதாக நம் காது எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் மேல்பகுதியைத் தூக்கிக் கொடுக்கும் ஹெட்போன் நல்லதா என்றால், அங்கேதான் அடுத்த பள்ளம். மெட்டல் பாடலில் டிரம்ஸின் உலோகத் தட்டுகளான சிம்பல்கள் ஓய்வதே இல்லை. ஒரு ஜாஸ் பதிவில் அவ்வப்போது அழகாக மினுங்கும் 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் மேடு, இங்கே ஒரு மணிநேரம் விடாமல் காதில் ஊசியாய் இறங்கும். சென்ஹைசர் 2009இல் வெளியிட்ட எச்டி 800 என்ற புகழ்பெற்ற ஹெட்போனில் 6 கிலோஹெர்ட்ஸ் அருகே இருந்த கூர்முனை பரவலாகப் பேசப்பட்டது. 2016இல் வந்த எச்டி 800 எஸ் வகையில் அதை அடக்க ஓர் ஒலி உறிஞ்சியைச் சேர்த்தார்கள். செவ்வியல் இசைக்கு எச்டி 800 ஒப்பற்ற கருவி என்பதை நான் மறுக்கவில்லை. மெட்டலுக்கு அதை யாராவது பரிந்துரைத்தால், எத்தனை மணிநேரம் தொடர்ந்து கேட்டீர்கள் என்று திருப்பிக் கேட்கத் தோன்றும்.

வகைகளைப் பற்றி எனக்குள்ள கருத்து இது. சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 போன்ற, குவளையின் பின்புறம் திறந்த, கூம்பும் சுருளும் கொண்ட டைனமிக் ஹெட்போன்களின் நடுப்பகுதி இன்றளவும் நம்பத் தகுந்தது; கிட்டாரின் தோலும் சதையும் அவற்றில் இயல்பாக வரும். ஆனால் மிகக் கீழே போகப்போக ஒலி மெலிந்துவிடும். அவற்றின் 300 ஓம் மின்தடைக்குக் கைப்பேசியின் சிறிய வெளியீடு பல சமயம் போதாமலும் போகும். கிராடோ நிறுவனத்தின் ஹெட்போன்கள் கிட்டாரைக் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்துபவை. அரை மணிநேரத்துக்கு அவற்றைப் போலக் கிளர்ச்சி தருபவை இல்லை, அதற்குமேல் என் காது தாங்கவில்லை. ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் நிலைமின் (எலெக்ட்ரோஸ்டேடிக்) வகைகளில், 580 வோல்ட் மின்னழுத்தத்தில் தொங்கும் மெல்லிய சவ்வு காட்டும் நுணுக்கம் வியப்பூட்டுவது. ஆயினும் கிக் டிரம் மார்பில் மோதும் உணர்வை நான் அங்கே கண்டதில்லை.

என் தெரிவு பிளேனார் மேக்னெட்டிக் வகை. இதில் கூம்பும் சுருளும் இல்லை. மின்தடம் படிந்த மெல்லிய சவ்வு முழுவதும் காந்த வரிசைகளுக்கு நடுவே அல்லது அருகே ஒன்றாக அசைகிறது. அதனால் பாஸ் வீங்காமல், 30 ஹெர்ட்ஸ் வரை ஏறத்தாழச் சமமாக இறங்குகிறது. ஈக்வலைசரில் கீழ்ப்பகுதியை நாலைந்து டெசிபல் உயர்த்தினாலும் நல்ல பிளேனார் கலங்குவதில்லை. அப்படி உயர்த்தும்போது மொத்த ஒலியளவையும் அதே டெசிபல் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அலையின் முகடுகள் வெட்டுப்படும். எடைதான் இந்த வகையின் சாபம். எச்டி 600 சுமார் 260 கிராம். ஆடிஸி எல்சிடி வரிசையில் சில அரைக் கிலோவைத் தாண்டுபவை. மெட்டல் கேட்பவன் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருப்பான் என்று அவற்றை வடிவமைத்தவர்கள் நினைத்தார்கள்போலும்.

இரு பக்கமும் ஒன்றுபோல ஒலிக்கின்றனவா என்பதை மற்ற இசை ரசிகர்களைவிட நாம் கூடுதலாகப் பார்க்க வேண்டும். மெட்டல் பதிவுகளில் ரிதம் கிட்டாரை ஒரே மாதிரி இருமுறை வாசித்துப் பதிவுசெய்து, ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் வைப்பது பரவலான வழக்கம். ஸ்பீக்கரில் இரண்டும் காற்றில் கலந்துவிடும். ஹெட்போனில் ஒவ்வொரு காதுக்கும் ஒரு கிட்டார்தான். ஒரு பக்கம் சற்று மந்தமாக இருந்தால் பாடல் முழுவதும் ஒருபக்கம் சாய்ந்ததுபோலத் தோன்றும். வாங்குமுன் ஹெட்போனைத் திருப்பி, இடதை வலதாக மாட்டிக் கேளுங்கள். மந்தமும் கூடவே பக்கம் மாறினால் குறை நம் காதில் இல்லை, ஹெட்போனிலோ பதிவிலோ இருக்கிறது.

கண்ணாடி அணிபவர்களுக்காக ஒன்று. மூடிய வகையிலும் பல பிளேனார் வகைகளிலும் பாஸ் என்பது காதுமெத்தை தோலோடு பொருந்தி அடைப்பதைப் பொறுத்தது. மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கி விடும் சிறு இடைவெளி போதும், கீழ்ப்பகுதி கசிந்துவிடும். பாடல் ஓடும்போது இரண்டு குவளைகளையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே பாஸ் பெருகினால் கசிவு இருக்கிறது என்று பொருள். குறை ஹெட்போனில் அல்ல, பொருத்தத்தில். மெத்தைகள் நைந்துபோகும்போதும் இதே மாற்றம் மெதுவாக நிகழும். நாம் கவனிக்க மாட்டோம்.

விலை உயர்ந்த ஹெட்போன் வாங்கியபின் பலர் படும் ஏமாற்றத்துக்குக் காரணம் ஹெட்போன் அல்ல, பதிவு. மெட்டாலிகா குழு 1988இல் வெளியிட்ட ஆல்பத்தில் பாஸ் கிட்டார் கிட்டத்தட்டக் கேட்காத அளவுக்குக் கலவையில் அமுக்கப்பட்டிருக்கிறது. எந்த ஹெட்போனாலும் அதை மீட்டெடுக்க முடியாது. அதே குழு 2008இல் வெளியிட்ட 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பம், சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றும் போட்டியில் அலைகளின் முகடுகள் வெட்டப்பட்டுச் சிதறியதாக ரசிகர்களாலேயே கண்டிக்கப்பட்டது. ஒரு வீடியோ விளையாட்டுக்காகக் கொடுக்கப்பட்ட அதே பாடல்களின் கலவை அவ்வளவு நெரிக்கப்படாமல் இருந்தது வெளிப்பட்டதால் கண்டனம் இன்னும் வலுத்தது. நல்ல ஹெட்போன் இந்தச் சிதறலை மறைக்காது, பூதக்கண்ணாடி வைத்துக் காட்டும். எனவே சோதிக்கப்போகும்போது விற்பனையாளர் வைத்திருக்கும் பளபளப்பான மாதிரிப் பாடல்களை மறுத்து, நம்மிடம் உள்ளவற்றில் மிக நெருக்கமான, மிக மோசமாகப் பதிவான ஒன்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். நாம் வீட்டில் கேட்கப்போவது அதைத்தானே.

இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைத்துக்கொள்வதும் முக்கியம். ஓரிரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே சிறந்தது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். அந்த வித்தியாசத்தை 'விவரம்', 'உயிர்ப்பு' என்றெல்லாம் நாம் பெயரிட்டு அழைப்போம். ஒலியளவு பற்றிய பேச்சு வந்ததால்: வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணிநேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பு வரம்பு, 90 டெசிபல் என்றால் 4 மணிநேரம்தான். நெரித்துப் பதிவான மெட்டல் பாடலில் சத்தம் தாழும் இடங்களே அரிது என்பதால், இந்த ஒதுக்கீடு மற்ற இசையைவிட இங்கே விரைவாகக் கரையும். சுற்றுச் சத்தம் மிகுந்த இடத்தில் திறந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலியைக் கூட்டுபவர்கள் மூடிய வகைக்கு மாறிவிடுவதே மேல்.

கட்டுரையாளரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை ஒரு ஹெட்போன் மெட்டலுக்கு உகந்தது என்று எழுதும்போது, எந்தப் பாடலை, என்ன ஒலியளவில், எவ்வளவு நேரம் கேட்டு அந்த முடிவுக்கு வந்தார் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர் பெயர் சொல்லும் பாடலை நாங்களும் எங்கள் ஹெட்போனில் போட்டுப் பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்