சித்தம் கலங்கும் விளையாட்டும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ஒரு பொது மண்டபத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் கூடி விளையாடிவந்த ஆறு இளையோரிடம் இனி அங்கே வர வேண்டாம் என்று மண்டப நிர்வாகத்தினர் சென்ற மாதம் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஆடுவது பேய் விளையாட்டாம். கோயிலுக்குப் பக்கத்தில் அது நடக்கக் கூடாதாம். அந்த ஆறு பேரில் ஒருத்தி படிவம் ஐந்தில் படிக்கும் என் பேத்தி. அவர்கள் ஆடுவதை மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன், விதிநூலைக் கடன் வாங்கி முழுவதும் படித்தவன் என்ற முறையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

பேய் விளையாட்டு என்றதும், பள்ளி விடுதிகளில் நாணயத்தின்மேல் விரல் வைத்து ஆவியை அழைக்கும் பழக்கம்தான் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருகிறது. ஆசிரியராக இருந்த காலத்தில் நானே அதைப் பலமுறை கண்டித்திருக்கிறேன். இங்கே யாரும் எதையும் அழைப்பதில்லை. ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, அந்த இடத்தில் தாம் என்ன செய்வோம் என்று வாயால் சொல்கிறார்கள். சொன்னது கைகூடியதா என்பதைப் பகடை முடிவு செய்கிறது. பாட்டி கதை சொல்லும்போது ‘உம்’ கொட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து கதைக்குள் இறங்கி நடந்தால் எப்படி இருக்குமோ, அப்படிப்பட்ட விளையாட்டு இது.

இதன் பெயர் ‘கால் ஆஃப் கதுலு’. சாண்டி பீட்டர்சன் எழுத, கேயாசியம் என்ற அமெரிக்க நிறுவனம் 1981இல் வெளியிட்டது. இந்த வகைக்கு வழி திறந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இலேயே வந்துவிட்டது. அதில் வீரர்கள் அரக்கர்களைக் கொன்று, புதையல் எடுத்து, மேலும் மேலும் பலம் பெறுவார்கள். கதுலு அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. 1937இல் மறைந்த அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டின் திகில் கதைகளை ஒட்டி, பெரும்பாலும் 1920களில் நடப்பதாக அமைந்த இதில் ஆடுகிறவர் பேராசிரியராகவோ செய்தியாளராகவோ மருத்துவராகவோ இருப்பார். எதிரில் வருவதைத் துப்பாக்கியால் வெல்வது அரிது. பழைய செய்தித்தாளையும் பதிவேட்டையும் கடிதத்தையும் தேடிப் படித்துத்தான் ஆபத்து இன்னதென்று அறிய வேண்டும். நூலகத்தைப் பயன்படுத்தும் திறனுக்கென்றே தனி எண் கொடுத்திருக்கிறார்கள். வாசிப்பை இவ்வளவு மதிக்கும் ஒரு விளையாட்டைத் தமிழாசிரியன் ஒருவன் எப்படி விரட்டுவான்?

இதன் உயிர்நாடி வேறொரு எண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உடல் வலிமைக்குக் கணக்கு இருப்பதுபோல மனத்தெளிவுக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. காணக் கூடாததைக் கண்டால் அது குறையும். எங்கள் பிள்ளைகள் அதற்கு முதலில் ‘மனநலப் புள்ளி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் ‘சித்தம்’ என்றேன். சித்தம் கலங்கிவிட்டது என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்கிறோமே, அந்தச் சொல் சட்டென்று பொருந்திக்கொண்டது. இப்போது அவர்கள், “எனக்குச் சித்தம் நாற்பதுதான் இருக்கு, நான் அந்தக் கதவைத் திறக்க மாட்டேன்” என்று பேசிக்கொள்வதைக் கேட்க எனக்கு அவ்வளவு நிறைவாக இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொன்னால் வாசகர்களுக்கு விளங்கும். கதை 1925இல் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடக்கிறது. என் பேத்திக்கு ஆபீஸ் கிராணி, அதாவது எழுத்தர் பாத்திரம். மலேரியாக் காய்ச்சலில் ஆட்கள் சாகிறார்கள் என்று துரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள், ஆட்களின் வருகையைக் குறிக்கும் செக்ரோலைப் புரட்டிப் பார்க்கிறேன் என்றாள். பத்துகளுக்கு ஒன்று, ஒன்றுகளுக்கு ஒன்று என்று பத்துப் பக்கப் பகடைகள் இரண்டை, என் அப்பா ரப்பர் பால் வெட்டிய காலத்து மங்குக் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி உருட்டினாள், வெற்றி. கதை நடத்துகிற பையன் குரலைத் தாழ்த்தி, ஒரே ஆளின் பெயர் புதைத்த நாளுக்குப் பிறகும் மூன்று விடியல்கள், வேலைக்கு முன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பிரட்டில் கூப்பிடப்பட்டு, ஆள் வந்ததாகக் குறி போடப்பட்டிருக்கிறது என்றான். அறையில் யாரும் அசையவில்லை. சித்தத்துக்கு உருட்டச் சொன்னார்கள். அவளுக்கு இருந்தது 55, விழுந்தது 71; இருப்பதைவிட அதிகம் என்பதால் தோல்வி. இழப்பு ஐந்து. ஒரே அடியில் ஐந்தோ அதற்கு மேலோ போனால் அறிவுக்கும் உருட்ட வேண்டும் என்பது விதி. அறிவில் தேறினால்தான் அந்தப் பாத்திரத்துக்குப் புத்தி தடுமாறும். தவறினால், கண்டது என்னவென்று மனத்தில் உறைக்காமல் தப்பித்துக்கொள்ளலாம். அவள் தேறிவிட்டாள். பென்சிலால் 55ஐ அழித்து 50 என்று எழுதும்போது அவள் கை லேசாக நடுங்கியதைப் பார்த்தேன்.

இந்த ஒரு விதிக்குள் எவ்வளவு பெரிய சிந்தனை இருக்கிறது என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். புரிந்துகொள்கிறவனுக்கே கலக்கம் வருகிறது. இதற்கு இணையாக இன்னொரு விதியும் உண்டு: கதையில் வரும் மர்ம நூல்களைப் படித்து அந்த இருண்ட உண்மைகளில் ஒருவர் எவ்வளவு தேர்ச்சி பெறுகிறாரோ, அவருடைய சித்தத்தின் உச்சவரம்பு 99இலிருந்து அந்த அளவுக்கு இறங்கிவிடும். இழந்ததில் ஓரளவு திரும்பப் பெறலாம், ஆனால் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. பயத்தை எண்ணிக்கையாக்கி அதை ஆடுகிறவர் கையிலேயே கொடுத்த இந்த ஏற்பாடுதான் நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் நிற்கிறது. 2002இல் வந்த ‘எடர்னல் டார்க்னஸ்’, 2010இல் வந்த ‘அம்னீசியா’ போன்ற கணினி, வீடியோ விளையாட்டுகளில் பாத்திரத்தின் மனம் தளரத் தளரத் திரையில் காண்பது நம்ப முடியாததாகிறதே, அந்த எண்ணத்துக்கு மேசையில் உருவம் கொடுத்தது 1981இன் இந்த விதிதான். ஜப்பானில் இந்த விளையாட்டு 1980களிலேயே மொழிபெயர்க்கப்பட்டு, இன்று அங்குள்ள இளைஞர்கள் மிக விரும்பி ஆடுபவற்றுள் ஒன்றாக இருக்கிறது. அவர்கள் தங்கள் ஊரையும் பள்ளியையும் வைத்துத் தாங்களே கதை எழுதிக்கொள்கிறார்கள்.

குறை இல்லாத பொருள் என்று நான் வாதாட வரவில்லை. பழைய பதிப்புகள் மனநோயைக் கையாளும் விதம் முரட்டுத்தனமானது. எந்த வகைப் பித்து என்பதைப் பட்டியலில் பகடை உருட்டித் தீர்மானிப்பதை, வீட்டில் அப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் சகிக்க மாட்டார்கள். லவ்கிராஃப்டும் கடுமையான இனவெறி கொண்டவர்; வெள்ளையர் அல்லாதவர்களை அருவருப்போடு எழுதியவர். அவர் கதைகளில் நம்மைப் போன்றவர்கள் வந்தால் அச்சுறுத்தும் கூட்டமாகத்தான் வருவோம். அதனால்தான் எங்கள் பிள்ளைகள் செய்வது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதே 1920களில் கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிகளை அவர்கள் கதையின் நடுவில் நிறுத்துகிறார்கள். கூட்டமாகக் கிடந்தவர்களுக்குப் பெயரும் முகமும் கேள்வி கேட்கும் வாயும் கிடைக்கின்றன. அந்தக் கதையை எழுத கதை நடத்தும் அந்தப் பையன், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த ஆறு முதியவர்களைத் தேடிப் போய்ப் பேசியிருக்கிறான். பிரட்டுக்களம், தோட்டத்து ஆஸ்பத்திரி, கள்ளுக்கடை, ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருக்கிறான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிபட்ட பிறகு, நம் வட்டாரத்தில் இளையவர்கள் தாமாகவே முன்வந்து இப்படிக் கேட்டு எழுதியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

1980களில் அமெரிக்காவிலும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடினால் பிள்ளைகள் சாத்தானை வழிபடுவார்கள் என்று பெற்றோர் பதறினார்கள். அந்தப் பதற்றம் அடங்கிவிட்டது, விளையாட்டுகள் நிலைத்திருக்கின்றன. முனியாண்டி சாமிக்குச் சுருட்டு வைத்துக் கும்பிட்டு, மோகினிக் கதை கேட்டுத் தூங்கிய நமக்கு ஒரு திகில் கதையைக் கண்டு அஞ்ச வேண்டிய அவசியம் இல்லை.

மண்டப நிர்வாகத்தினரை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பின்னறையைத் திறந்துவிடுங்கள். கோயில் நெருங்கியிருப்பது தடையென்றால், ஊர் நூலகத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒரு மேசையும் ஆறு நாற்காலிகளும் கிடைத்தாலும் போதும். அதுவரை எங்கள் வீட்டு முன் தாழ்வாரமான அஞ்சடியில்தான் ஆட்டம் நடக்கிறது. வருகிற சனிக்கிழமை பிற்பகல் அந்தக் கிராணி, புதைத்த இடத்தைத் தோண்டிப் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். அவளுக்குச் சித்தம் 50 மிச்சம் இருக்கிறது. நிர்வாகத்தினர் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும். தேநீர் போட்டு வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.