சாலை ஓரத்து மணலை அள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூரில் நெடுந்தூர டிரையத்லான் பயிற்சி செய்கிறேன். 3.8 கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 42.2 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே நாளில். நீச்சலுக்குக் கவலையில்லை. தேவனாம்பட்டினத்தில் இறங்கும் முன்னே மீனவ அண்ணன்கள், "தண்ணி வடக்க இழுக்குது தம்பி, தெக்க நடந்துபோய் எறங்கு" என்று சொல்லிவிடுவார்கள், அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சைக்கிள்தான் பெரும்பாடு. வெயில் ஏறினால் எவ்வளவு உப்புத் தண்ணீர் குடித்தாலும் உடம்பு தாங்காது என்பதால் விடியற்காலை 4 மணிக்கே புதுச்சேரி சாலையில் கிளம்பிவிடுகிறோம். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் வண்டிகள் ஒரு முழம் இடைவெளியில் உரசிக்கொண்டு போகின்றன. ஓரம் ஒதுங்கலாம் என்றால் அங்கே மணல், தார் முடிகிற இடத்தில் நாலு விரல் பள்ளம். எங்கள் டயரோ இரண்டு விரல் அகலம்கூட இல்லை. போன மாதம் அதில் சறுக்கி விழுந்ததில் முழங்கை கிழிந்து தையல் போட்டார்கள். சைக்கிள் கைப்பிடி மேல் முழங்கையை ஊன்றிக் குனிந்தபடி மணிக்கணக்கில் ஓட்ட வேண்டிய போட்டி இது, இன்னும் என்னால் ஊன்ற முடியவில்லை.

தனிப் பாதையெல்லாம் கேட்கவில்லை. சாலையைப் பராமரிக்கும் அதிகாரிகளே, வாரம் ஒருமுறை மணலை அள்ளி, அந்தப் பள்ளத்தை மேவி விடுங்கள். பால்காரரும், மீன் கூடையோடு வரும் அக்காக்களும் அதே ஓரத்தில்தான் போகிறார்கள். ஓட்டுநர்களே, எங்களைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் விலகிப் போங்கள்.

இப்படிக்கு,
கடலூர் வாசகர்